குறுக்கு வலி முகாம்: எங்கள் மீனவர் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர் அண்ணன், செயலாளர், பொருளாளர், கமிட்டி உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வருகிற மீன்பிடித் தடைக்காலத்தில் வெளியூரிலிருந்து கைரோபிராக்டர் ஒருவரை, அதாவது முதுகெலும்பையும் மூட்டையும் கையால் அழுத்தித் திருப்பி வைத்தியம் செய்கிறவரை, வரவழைத்துக் குறுக்கு வலிக்கு, அதாவது இடுப்பு வலிக்கு, இரண்டு நாள் முகாம் நடத்தப்போவதாகவும், சங்க நிதி போக மீதிக்குப் படகுக்கு 500 ரூபாய் வசூல் என்றும் அறிவித்திருக்கிறீர்கள். கூடவே ஒரு வீடியோவும் சுற்றுகிறது. ஒருவரைப் படுக்க வைத்து, கழுத்தை இரண்டு கையாலும் பிடித்து ஒரு வெட்டு வெட்டித் திருப்புகிறார். சடக்கென்று சத்தம். படுத்திருந்தவர் எழுந்து அழுதுகொண்டே சிரிக்கிறார். தங்கச்சிமடம் டீக்கடையில் அதைப் பார்த்துவிட்டு, இப்போதே பெயர் கொடுக்க வேண்டும் என்று நாலைந்து பேர் கிளம்பிவிட்டார்கள்.

அந்தச் சத்தம் எனக்குப் பழக்கமானது. போன வருஷம் ஆறு தடவை அப்படிப்பட்ட மேசையில் படுத்து எழுந்தவன் நான்.

இருபத்திரண்டு வருஷம் விசைப்படகு, அப்புறம் கரையில் ஐஸ் ஏற்றுகிற வேலை. நான்கு வருஷத்துக்கு முன் ஒரு விடியற்காலை ஐஸ் பாரைத் தூக்கக் குனிந்தவனுக்குக் குறுக்கு பிடித்துக்கொண்டது. நிமிரவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. கொக்கு மாதிரி நின்றேன். நம் ஊர் வழக்கப்படி முதல் வைத்தியம் இரட்டைப் பிள்ளை பெற்ற ஆத்தா ஒருவர் இடுப்பில் மிதித்தது. அப்புறம் எண்ணெய், ஊசி, பெல்ட் எல்லாம் ஒரு சுற்று வந்தது. கடைசியில் மைத்துனன் சொல்லி மதுரையில் ஒரு கைரோபிராக்டரிடம் போனேன்.

அவர் கையில் வித்தை இல்லை என்று சொல்ல மாட்டேன். மேசையில் இடுப்புக்குக் கீழே ஒரு பலகை, அவர் அழுத்தும்போது 'தொம்' என்று ஒரு அங்குலம் கீழே விழும். இடது கால் அரை அங்குலம் குட்டை என்றார். நெட்டி முறிந்தது, உடம்பு லேசானது, படியில் தானாக இறங்கி வந்தேன். பஸ் ஏறினேன். பரமக்குடி தாண்டும்போது லேசாக முனகியது, பாம்பன் பாலத்தில் ஏறும்போது பழையபடி வந்து உட்கார்ந்துவிட்டது. அடுத்தடுத்த தடவைகளில் சுகம் இரண்டு நாள், மூன்று நாள் வரை நின்றது. பன்னிரண்டு தடவைக்கு மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி என்றார்கள். ஆறோடு நிறுத்திக்கொண்டேன். ஒரு தடவைக்கு 800 ரூபாய், பஸ் செலவு, ஒரு நாள் கூலி போனது; கூட்டிப் பாருங்கள்.

அதற்குப் பிறகுதான் இது என்ன வைத்தியம் என்று படிக்க ஆரம்பித்தேன். பணம் கட்டுவதற்கு முன்னால் படித்திருக்க வேண்டும், சரி. அமெரிக்காவில் டேவன்போர்ட் என்ற ஊரில் 1895இல் டி.டி. பால்மர் என்பவர் தொடங்கியது. காந்த சிகிச்சை செய்துகொண்டிருந்தவர். முதன்முதலில் அவர் குணப்படுத்தியதாகச் சொன்னது முதுகுவலியே இல்லை; கட்டடத் துப்புரவாளர் ஒருவரின் செவிட்டுத்தன்மை! எலும்பு இடம் பிசகுவதால்தான் பெரும்பாலான நோய்கள் வருகின்றன என்பது அவர் கொள்கை. அதை இன்றைய மருத்துவம் ஏற்கவில்லை. நெட்டி முறிகிற சத்தமும் எலும்பு இடத்துக்குத் திரும்புகிற சத்தம் கிடையாது. மூட்டுக்குள் இருக்கிற திரவத்தில் வாயு குமிழியாகப் பிரிகிற சத்தம் அது. விரலைச் சொடுக்கிப் பாருங்கள், அதே விரல் மறுபடி சொடுக்க இருபது நிமிஷம் போல ஆகும்.

அதற்காக எல்லாம் ஏமாற்று என்று தூக்கி எறியவும் முடியாது. நாள்பட்ட குறுக்கு வலிக்கு இப்படிக் கையால் அழுத்தித் திருப்புகிற சிகிச்சையைப் பற்றிய 47 ஆய்வுகளை, ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்து 2019இல் ஒரு மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். உடற்பயிற்சி மாதிரி ஏற்கெனவே பரிந்துரைக்கிற வழிகள் எவ்வளவு பலன் தருகின்றனவோ, ஏறக்குறைய அதே பலன்தான் இதிலும் என்று வந்தது. உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதலும் உடற்பயிற்சி, மசாஜ் இவற்றோடு இதையும் ஒரு வழியாகச் சேர்த்திருக்கிறது. வேண்டாம் என்ற பட்டியலில் அது வைத்திருப்பது இடுப்பு பெல்ட்டை! போன வருஷம் சங்கம் வாங்கிக் கொடுத்த பெல்ட்டுகள் இப்போது எந்தெந்த வீட்டில் எந்தெந்த ஆணியில் தொங்குகின்றன என்று எல்லோருக்கும் தெரியும், அதைக் கிளற வேண்டாம்.

ஆக, கைரோபிராக்டரிடம் போவது உபயோகமா என்று கேட்டால் என் பதில் இதுதான். நல்ல பயிற்சி பெற்றவர் கிடைத்து, பக்கத்தில் இருந்து, கையில் காசும் இருந்தால் போகலாம், கொஞ்சம் சுகம் கிடைக்கும். அதே சுகம் வீட்டுத் திண்ணையில் செய்கிற பயிற்சியிலும் கிடைக்கும் என்கிறபோது, ஊர்ப் பணத்தைத் திரட்டி இரண்டு நாளில் இருநூறு பேருக்கு நெட்டி முறிப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. திடீரென்று வருகிற பிடிப்பு பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே தணிந்துவிடும். மூன்றாவது வாரம் யார் கை வைத்தார்களோ அவருக்குப் பேர் போகும். அந்த ஆத்தா மிதித்தும் எனக்கு ஒரு தடவை சரியானது, உண்மை.

அந்த இருநூறு பேரில் யாருக்கு என்ன என்று அங்கே யார் பார்க்கப்போகிறார்கள்? இதுதான் என் பெரிய பயம். என் சித்தப்பாவுக்குக் குறுக்கு வலி என்று ஆறு மாதம் எண்ணெய் போட்டு நீவினோம். சாயங்காலமானால் காய்ச்சல், உடம்பு இளைத்துக்கொண்டே வந்தது, ராத்திரி வலியில் தூங்க மாட்டார். கடைசியில் படம் எடுத்துப் பார்த்தால் முதுகெலும்பில் காசநோய். ஒரு வருஷத்துக்கு மேல் மாத்திரை சாப்பிட்டுத் தேறினார். அரித்துப்போன அந்த எலும்பில் யாராவது ஓங்கி அழுத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்வேன். ஒன்றுக்குப் போக முடியாமல் அடைத்துக்கொள்வது, இரண்டு தொடைக்கு நடுவே மரத்துப்போவது, கால் பலமிழந்து இழுப்பது, இவையெல்லாம் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியவை. எலும்பு தேய்ந்த வயதான அம்மாக்களுக்கும், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிற இதய நோயாளிகளுக்கும் இந்த அழுத்தம் ஆபத்து.

கீழக்கரை, ஏர்வாடிப் பக்கம் சங்கு குளிக்கிற நம் சங்கத் தம்பிகளும் முகாமுக்கு வருவதாகக் கேள்விப்பட்டேன். ஆழத்தில் நேரம் கழித்து வேகமாக மேலே வந்தால், உடம்பில் கரைந்திருந்த நைட்ரஜன் குமிழியாகி மூட்டிலும் தண்டுவடத்திலும் சிக்கும். முதுகு வலிக்கும், கால் மரக்கும், பார்ப்பதற்குச் சாதாரணக் குறுக்கு வலி மாதிரியே இருக்கும். அப்படி ஆனவனுக்கு உடனே ஆக்சிஜன் கொடுத்து, அழுத்த அறை இருக்கிற ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். வெளியூரிலிருந்து வருகிறவர் இவன் நேற்று எத்தனை பாகம் ஆழம் போனான் என்று கேட்பாரா?

கழுத்தைத் திருப்புவது மட்டும் எக்காரணம் கொண்டும் வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். வீடியோவில் எல்லோரும் ரசித்தது அதைத்தான். கழுத்து வழியாக மூளைக்குப் போகிற ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வந்த சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. அரிதுதான். குறுக்கு வலிக்கு வந்தவன் அந்த அரிதான ஆபத்தை ஏன் தலையில் போட்டுக்கொள்ள வேண்டும்?

அந்த நிபுணர் எங்கே, எத்தனை வருஷம் படித்தார் என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. அமெரிக்காவில் இதற்குக் கல்லூரிப் படிப்பு, அரசு உரிமம் எல்லாம் உண்டு. நம் நாட்டில் கைரோபிராக்டிக்குக்கென்று தனிச் சட்டம் இல்லை. வருஷக்கணக்கில் படித்தவரும் நாலு நாள் வகுப்புக்குப் போனவரும் ஒரே மாதிரி போர்டு மாட்டிக்கொள்ளலாம்.

சரி, குறை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறான் என்று நினைக்காதீர்கள். எனக்கு இப்போது எவ்வளவோ பரவாயில்லை. ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரியில் ஒரு பிசியோதெரபிஸ்ட் பொண்ணு, என் மகள் வயசிருக்கும், மூன்றே பயிற்சி சொல்லிக் கொடுத்தது. மல்லாக்கப் படுத்து முழங்காலை மடக்கி இடுப்பை மட்டும் தூக்குவது, குழந்தை தவழ்கிற மாதிரி நின்று வலது கையையும் இடது காலையும் நீட்டுவது, அப்புறம் தினமும் அரை மணி நடப்பது. தவழ்கிற பயிற்சியைப் பார்த்துப் பேரன் முதுகில் ஏறி உட்கார்ந்துவிட்டான். முதல் மூன்று வாரம் ஒன்றும் தெரியவில்லை, விட்டுவிடலாம் என்றிருந்தேன். இரண்டாவது மாதம் காலையில் பல் துலக்கக் குனிந்தபோதுதான் வலி இல்லாததைக் கவனித்தேன். இப்போதும் மாதத்துக்கு இரண்டு நாள் எட்டிப் பார்க்கும்.

விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் ஓய்வு. ஒரு பயிற்சி உடம்பில் ஊற அதைவிட நல்ல நேரம் கிடைக்காது. தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் 2021 முதல் பிசியோதெரபியும் இருக்கிறது. சங்க லெட்டர்பேடில் ஒரு மனு எழுதி, வாரம் ஒரு நாள் ஏலக்கூடத்துக்கு ஆள் அனுப்பும்படி கேட்டுப் பார்க்கலாம்.

அந்த வசூல் பணத்தை எதற்கு வைக்கலாம் என்றால், மணலுக்கு. கரையிலிருந்து லாரி நிற்கிற இடம் வரை எழுபது அடி மணல். ஐஸோடு சேர்த்து நாற்பது கிலோவுக்குக் குறையாத பெட்டியைத் தோளில் வைத்து, கணுக்கால் புதைய, ஒரு விடியலில் முப்பது நாற்பது நடை. இரும்புச் சக்கர வண்டி ஒன்று கிடக்கிறது, மணலில் இறங்கியதும் அதைத்தான் நாம் தூக்க வேண்டியிருக்கிறது. பலகை பதித்து ஒரு பாதையும், அகல டயர் போட்ட இரண்டு தள்ளுவண்டியும் வாங்குங்கள். ஐஸ் பாரை ஒருத்தன் தனியாகத் தூக்கக்கூடாது என்று சங்கம் ஒரு கட்டுப்பாடு போடட்டும்.

இன்னொன்று, அறிவிப்பில் 'சங்க உறுப்பினர்களுக்கு மட்டும்' என்று இருக்கிறது. அப்படியானால் கடல்பாசி எடுக்கப் போகிற பெண்கள் யாருக்கும் முகாமில் இடம் கிடையாது. விரலில் துணி சுற்றிக்கொண்டு, நாள் பாதியும் தண்ணீரில் குனிந்து மரிக்கொழுந்துப் பாசி பறிக்கிறவர்களுக்குக் குறுக்கு இல்லையா? பெப்சி பாசி என்று நாம் சொல்கிற கடல்பாசியை வளர்க்கிற அக்காமார், பன்னிரண்டு அடி மூங்கில் மிதவையில் நாற்பத்தைந்து நாளில் விளைகிற இருநூறு கிலோ ஈரப்பாசியைக் கூடை கூடையாகக் கரை சேர்க்கிறார்கள். என் வீட்டுக்காரியும் அதில் ஒருத்தி. நான் மதுரைக்கு ஆறு தடவை போய்வந்த காலத்தில் அவள் ஒரு தடவைகூடத் தன் இடுப்பை யாரிடமும் காட்டவில்லை. பிசியோதெரபிஸ்ட் வந்தால் முதல் வரிசை அவர்களுக்கு.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் இதைப் பேச எனக்குப் பத்து நிமிஷம் ஒதுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். நாற்காலி வேண்டாம். அந்த பிளாஸ்டிக் நாற்காலியில் அரை மணிக்கு மேல் உட்கார்ந்தால் குறுக்கு பேச ஆரம்பித்துவிடும், நின்றுகொண்டே பேசிவிடுகிறேன்.

இப்படிக்கு,
ஐஸ் ஏற்றுகிற உங்கள் சங்க உறுப்பினன்,
பாம்பன்.