'இல்லை' என்றாவது சொல்லுங்கள்

வேலைக்கு ஆள் எடுக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். எனக்கு வேலை போய் ஏழு மாதம் ஆகிறது. நேர்காணலுக்குப் பிறகு நீங்கள் பதில் சொல்லாமல் விடுவதால் எங்கள் கையிருப்பு எப்படிக் கரைகிறது என்பதைச் சொல்லத்தான் இந்த மடல்.

என்னிடம் ஒரு நோட்டு இருக்கிறது. முன்பக்கத்திலிருந்து விண்ணப்பக் கணக்கு: எந்த வேலை, என்றைக்கு அனுப்பினேன், யாரிடம் பேசினேன். திருப்பிப் பிடித்தால் வீட்டுச் செலவு. வேலை போன அன்று ராத்திரியே நானும் மனைவியும் உட்கார்ந்து எழுதினோம். வாடகை, கரண்ட் பில், அம்மாவின் மாத்திரை, கடன் தவணை. இவை நிற்கக் கூடாது, மற்றதை நிறுத்தலாம். கையில் இருந்த பணம் ஐந்து மாதத்துக்கு வரும் என்று தெரிந்தது. இழுத்துப் பிடித்து ஏழு மாதம் ஓட்டிவிட்டோம்.

நாலாவது மாதம் ஓரிடத்தில் மூன்று சுற்று நேர்காணல் முடிந்தது. எப்போது சேர முடியும் என்றுகூடக் கேட்டார்கள். "ஒரு வாரத்தில் சொல்கிறோம்" என்றார்கள். அதை நம்பி, குறைந்த சம்பளத்தில் வந்த ஒப்பந்த வேலையை வேண்டாம் என்றேன். வைப்புத்தொகையை உடைக்க மனசில்லாமல் அந்த மாதச் செலவை கிரெடிட் கார்டில் போட்டேன். வாரம் மாதமானது. மூன்று மெயில் அனுப்பியும் பதில் இல்லை. கார்டில் நின்ற பாக்கிக்கு மாதம் 3 சதவீத வட்டி. கேட்கச் சின்னதாகத்தான் இருக்கும். வட்டிக்கு வட்டி ஏறினால் ஆண்டுக்கு 42 சதவீதத்தைத் தாண்டிவிடும். வைப்புத்தொகையை அன்றே உடைத்திருந்தால் வரவேண்டிய வட்டியில் கொஞ்சம்தான் போயிருக்கும். 'இல்லை' என்று ஒரு வரி வந்திருந்தால் அதைத்தான் செய்திருப்பேன்.

காத்திருப்பதில் இன்னொரு நஷ்டமும் உண்டு. 2013-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், சுமார் 12,000 கற்பனை விண்ணப்பங்களை நிஜ வேலை விளம்பரங்களுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். வேலையில்லாத காலம் நீள நீள அழைப்பு குறைந்தது. பெரிய சரிவு முதல் எட்டு மாதங்களுக்குள்ளேயே. எனக்கு இது ஏழாவது மாதம். "இவ்வளவு நாள் என்ன செய்தீர்கள்?" என்று ஒவ்வொரு நேர்காணலிலும் கேட்கிறீர்கள். அதில் பல வாரங்கள் உங்களில் ஒருவரின் பதிலுக்காகக் காத்திருந்தவை.

சம்பளத்தை விளம்பரத்திலேயே போட்டுவிடுங்கள். கடைசிச் சுற்றுவரை வந்து, அந்தச் சம்பளம் வாடகைக்கே பத்தாது என்று தெரிந்து திரும்பும்போது பயணக் காசும் போய்விடுகிறது. அப்புறம், உங்கள் பெயரைச் சொல்லி 'பதிவுக் கட்டணம்' கேட்கும் முகவர்களைத் தடுத்து நிறுத்துங்கள். தனியார் வேலைவாய்ப்பு முகமைகள் வேலை தேடுபவரிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்பதுதான் சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 1997ஆம் ஆண்டு உடன்படிக்கை வகுத்த பொது விதி. பணம் தீர்ந்துகொண்டிருக்கும் வீட்டில்தான் அந்தக் கட்டணத்தையும் கடன் வாங்கிக் கட்டுகிறார்கள்.

இத்தனை பேருக்கு எப்படிப் பதில் எழுதுவது என்பீர்கள். சரி, விண்ணப்பித்த எல்லோருக்கும் வேண்டாம். நேரில் கூப்பிட்டுப் பேசியவர்களுக்காவது பதில் சொல்லும் தேதியை அப்போதே குறித்துக் கொடுங்கள். அந்தத் தேதியில் முடிவாகவில்லை என்றால், முடிவாகவில்லை என்று எழுதுங்கள். அதை வைத்து நாங்கள் அடுத்த மாதக் கணக்கைப் போட்டுக்கொள்வோம்.

இப்படிக்கு,
வேலை தேடும் ஒருவன்