தலைமடையும் கடைமடையும்: தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

முதுகலையில் போரும் சமாதானமும் பற்றிப் படிக்கப் போகிறேன், முதல் உலகப் போரிலிருந்து ஆரம்பிக்கப் போகிறேன் என்று போனில் சொன்னாய். ரொம்பச் சந்தோஷம். ஆனால் அக்கா சொல்வதைக் கேள். அதற்கு முன் தெற்கு ஈராக்கில் இருந்த இரண்டு சுமேரிய நகரங்களுக்கு ஒருமுறை போய்விட்டு வா.

ஒன்று உம்மா, இன்னொன்று லகாஷ். உம்மா தலைமடை, லகாஷ் கடைமடை. இதைச் சொன்னாலே பாதிக் கதை உனக்குப் புரிந்துவிடும். நடுவில் கு-எதின் என்ற வளமான நிலம். கிஷ் நகர மன்னன் மெசிலிம் மத்தியஸ்தம் செய்து எல்லைக்கல் நட்டான். உம்மா அதைப் பிடுங்கிப் போட்டது. கி.மு. 2450 வாக்கில் லகாஷ் மன்னன் ஏயன்னாதும் போரில் வென்று கல்லை மறுபடி நட்டான். பிணந்தின்னிக் கழுகுகள் மனிதத் தலைகளைக் கவ்விப் பறக்கும் அவனுடைய வெற்றிக்கல், உடைந்த துண்டுகளாக இன்று லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

பலரும் அந்தக் கழுகுகளோடு நின்றுவிடுகிறார்கள். எனக்கு அந்தக் கல்லில் உள்ள சத்தியம்தான் பெரிதாகப் படுகிறது. வாய்க்காலையும் கரையையும் மாற்ற மாட்டேன் என்று உம்மாவின் தலைவன் தெய்வங்கள் பெயரில் சத்தியம் செய்கிறான். எல்லை நிலத்தை உம்மா உழுதுகொள்ளலாம், பதிலுக்கு வாற்கோதுமை அளக்க வேண்டும் என்று ஏற்பாடு. ஆனால் அது வட்டிக் கடனாகக் கணக்கில் ஏறியது. வட்டிக்கு வட்டி சேர்ந்து, எந்த ஊர்க் களஞ்சியத்தாலும் அடைக்க முடியாத பாக்கி ஆனது. சத்தியம் வாங்கிவிட்டார்கள், சரி. மடை உம்மாவின் கையில்தானே இருந்தது? உம்மா தண்ணீரைத் திருப்பியது, எல்லைக்கற்களுக்குத் தீ வைத்தது. திரும்பவும் போர். இப்படிப்பட்ட சமாதானத்துக்குள்ளேயே அடுத்த சண்டை விதைத்துவைக்கப்பட்டிருந்தது என்றுதான் நான் நினைக்கிறேன்.

அப்புறம் மண். தோர்கில்ட் யாக்கப்சன், ராபர்ட் ஆடம்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1958-இல் ஒரு வாதத்தை வைத்தார்கள். உம்மாவின் தயவே வேண்டாம் என்று பின்னால் வந்த லகாஷ் மன்னன் என்மெதெனா டைக்ரிஸ் ஆற்றிலிருந்து கால்வாய் கொண்டுவந்தான். தண்ணீர் தாராளமாகப் பாய்ந்தது. நிலத்தடி நீர் மேலே ஏறியது, வெயிலில் நீர் ஆவியாக, உப்பு மட்டும் தங்கியது. களர் பூத்த வயலைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். அந்தப் பகுதியில் கி.மு. 3500 வாக்கில் கோதுமையும் வாற்கோதுமையும் ஏறக்குறைய சம அளவில் விளைந்தன. கி.மு. 2500 வாக்கில் கோதுமை ஆறில் ஒரு பங்கு. கி.மு. 1700-க்குள் கோதுமையே போய்விட்டது. உப்பை ஓரளவு தாங்கும் வாற்கோதுமை மட்டும் நின்றது. எதிரியிடம் தோற்காமல் இருக்க வெட்டிய கால்வாய் சொந்த வயலையே கெடுத்தது என்கிறார்கள். இதை மறுத்தவர்களும் உண்டு, அவர்களையும் கட்டாயம் படி.

இன்னொன்று. இந்தச் சண்டையைப் பற்றி நமக்குக் கிடைத்த கல்வெட்டுகளில் பெரும்பாலானவை லகாஷ் எழுதியவை. உம்மாவின் குரல் மிகக் குறைவு. உன் முதல் கட்டுரையை, அந்த வாற்கோதுமைப் பாக்கியைத் தலையில் சுமந்த உம்மாக் குடியானவன் பக்கத்திலிருந்து எழுதிப் பார். பொங்கலுக்கு வரும்போது கொண்டு வா, உட்கார்ந்து வாசிப்போம்.

அன்புடன்,
அக்கா