ஃபைல் காணாமல் போகவில்லை, உங்கள் புரோகிராம் வேறு இடத்தில் தேடுகிறது

வணக்கம்.

நீடாமங்கலம் பக்கத்தில் உரக்கடை வைத்திருக்கிறேன். உங்கள் பில்லிங் புரோகிராமை 2009-ல் வாங்கினேன். யூரியா, டிஏபி, பொட்டாஷ், விதைநெல் எல்லாவற்றுக்கும் பில் அதில்தான், விவசாயிகளின் கடன் பாக்கியும் அதில்தான். இத்தனை வருஷம் அது எனக்குத் தொல்லை கொடுத்ததில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஐப்பசி பிறந்ததும் பழைய கம்ப்யூட்டரின் மதர்போர்டு போய்விட்டது. விண்டோஸ் 11 உள்ள புதியது ஒன்று வாங்கினேன். செட்டப் சிடியில் கீறல் விழுந்திருந்ததால், உங்கள் ஆபீசிலிருந்து வந்த தம்பி தன் லேப்டாப்பிலிருந்து ஃபைல்களைக் கையாலேயே காப்பி செய்து, அதில் ஒரு டிஎல்எல் ஃபைலை (புரோகிராம் ஓடுவதற்குத் தேவையான துணை ஃபைல்) விண்டோஸுக்குள் இருக்கும் சிஸ்டம்32 ஃபோல்டரில் போட்டார். புரோகிராமைத் திறந்தால் சிஸ்டம்32-ல் அந்த ஃபைல் இல்லை என்று செய்தி வருகிறது. ஃபோல்டரைத் திறந்து பார்த்தால் ஃபைல் கண் முன்னால் இருக்கிறது! மறுபடி போட்டார், மறுநாள் வந்து இன்னொரு தடவை போட்டார், கடைசியில் கம்ப்யூட்டரில்தான் கோளாறு, விண்டோஸை அழித்துப் புதிதாக ஏற்றுங்கள், இல்லையென்றால் 18,000 ரூபாய்க்கு எங்கள் புது வெர்ஷனை வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு, இரண்டு தடவை வந்ததற்கு 1,500 ரூபாய் வாங்கிக்கொண்டு போனார்.

அது எந்த நேரம் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். குறுவை அறுத்த கையோடு தாளடிக்கு அடியுரம் வாங்க ஆட்கள் வரும் நேரம். நெல் போட்ட காசு கையில் வந்ததும் பழைய பாக்கியைக் கட்ட வருகிறவர்களும் அப்போதுதான் வருவார்கள். என் கணக்கு எவ்வளவு என்று கேட்டவர்களுக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. நாலு நாள் கழித்து வாங்க என்று அனுப்பினேன். கட்ட வந்தவரைத் திருப்பி அனுப்பினால் அந்தக் காசு வேறு செலவுக்குப் போய்விடும், கடை வைத்திருக்கும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

ஞாயிற்றுக்கிழமை தஞ்சாவூரில் இன்ஜினியரிங் படிக்கும் என் அண்ணன் மகன் வந்து பார்த்தான். அரை மணி நேரத்தில் விஷயம் தெரிந்துவிட்டது. என் பழைய கம்ப்யூட்டரில் இருந்தது 32-பிட் விண்டோஸ், புதியதில் 64-பிட் (ஒரே தடவையில் கையாளும் தகவலின் அளவைச் சொல்லும் எண் இது). உங்கள் புரோகிராம் 32-பிட். 64-பிட் விண்டோஸில் சிஸ்டம்32 என்கிற ஃபோல்டரில் இருப்பவை 64-பிட் ஃபைல்கள், 32-பிட் புரோகிராம்களுக்கான ஃபைல்கள் சிஸ்வாவ்64 என்கிற ஃபோல்டரில் இருக்கின்றன. பெயர் தலைகீழாக இருக்கிறது, ஆனால் அமைப்பே அப்படித்தான். 32-பிட் புரோகிராம் ஒன்று சிஸ்டம்32-ஐக் கேட்டால் விண்டோஸ் சத்தமில்லாமல் அதை சிஸ்வாவ்64-க்குத் திருப்பி விடுகிறது. ஃபோல்டரைத் திறந்து பார்க்கும் எக்ஸ்ப்ளோரர் 64-பிட் என்பதால் எங்கள் கண்ணுக்குத் தெரிந்தது, உங்கள் புரோகிராமுக்குத் தெரியவில்லை. அவன் கட்டளையை டைப் செய்யும் கமாண்ட் விண்டோ இரண்டு திறந்து காட்டினான், ஒன்று 64-பிட், இன்னொன்று 32-பிட். இரண்டிலும் ஒரே ஃபோல்டர் பெயரைக் கொடுத்துத் தேடினால் ஒன்றில் ஃபைல் வருகிறது, மற்றதில் இல்லை என்கிறது. அப்புறம் அந்த டிஎல்எல்லை சிஸ்வாவ்64-ல் போட்டான், புரோகிராம் திறந்துவிட்டது. பாக்கி எல்லாம் பத்திரமாக இருந்தது.

வந்த தம்பி அந்த ஃபோல்டரைப் பார்க்காமல் இல்லை. பெயரில் 64 இருக்கிறது, அது 64-பிட் புரோகிராமுக்கு, தொடக்கூடாது என்று எனக்கே சொன்னார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, பெயரைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். அவருக்குச் சொல்லிக்கொடுக்காமல் அனுப்பியது நீங்கள்தானே? புரோகிராம் பழசாகிவிட்டது, நாங்கள் என்ன செய்வது என்றும் சொல்ல வேண்டாம். விண்டோஸ் எக்ஸ்பியின் 64-பிட் பதிப்பு 2005-லேயே வந்துவிட்டது, இந்தத் திருப்பிவிடும் ஏற்பாடு அதிலேயே இருந்தது. நீங்கள் எனக்கு விற்றது அதற்கு நாலு வருஷம் கழித்து. உங்கள் டிஎல்எல்லை சிஸ்டம் ஃபோல்டரில் போட வேண்டிய தேவையே இல்லை, புரோகிராமின் சொந்த ஃபோல்டரிலேயே வைத்து அங்கேயே தேடச் செய்திருந்தால் எந்தக் கம்ப்யூட்டரிலும் இந்தச் சிக்கல் வந்திருக்காது.

எனக்கு வேண்டியது இதுதான். அந்த 1,500 ரூபாயைத் திருப்பித் தாருங்கள், வேலை முடியாமல் வாங்கிய காசு அது. டிஎல்எல்லைத் தன் ஃபோல்டரிலேயே தேடும்படி புரோகிராமைத் திருத்தி, புது செட்டப் ஃபைல் ஒன்றை அனுப்புங்கள். திருவாரூர், தஞ்சாவூர், நாகை பக்கம் உங்கள் புரோகிராமை வைத்திருக்கும் மற்ற கடைக்காரர்களுக்கும் இந்த விஷயத்தைத் தமிழில் எழுதி அனுப்புங்கள். அவர்களும் இப்போது ஒவ்வொருவராகப் புது கம்ப்யூட்டருக்கு மாறிக்கொண்டிருக்கிறார்கள், 18,000 ரூபாய் கொடுக்கத் தேவையில்லாத இடத்தில் கொடுத்துவிடக் கூடாது.

சரி, பதினைந்து நாள் பார்ப்பேன். எழுத்தில் பதில் வராவிட்டால் பில்லையும் இந்தக் கடிதத்தின் நகலையும் எடுத்துக்கொண்டு திருவாரூர் நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
நீடாமங்கலம்