150 சொற்களுக்குள்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் சென்ற வாரம் வந்து சேர்ந்தது. வலக் கண்ணில் புரை நீக்கும் சிகிச்சை முடிந்து, படிக்கலாம் என்று மருத்துவர் அனுமதித்த பிறகு நான் முதலில் பிரித்தது அதைத்தான். முழங்கால் வலியைப் பற்றி இரண்டு வரி, பேத்தியின் படிப்பைப் பற்றி நான்கு வரி, உங்கள் நாடாளுமன்ற உறுப்பினரைப் பற்றி மூன்று பக்கம். பணியிலிருந்து ஓய்வு பெற்ற நீ, கோபத்துக்கு மட்டும் ஓய்வு கொடுக்கவில்லை என்று தெரிந்துகொண்டேன்.

ஐந்து ஆண்டுகளில் ஒன்பது விவாதங்களில்தான் அவர் பேசியிருக்கிறார் என்று கணக்குக் காட்டி, இவரை எதற்காக அனுப்பினோம் என்று கேட்டிருக்கிறாய். நாடாளுமன்றக் குழுக்களின் செயலகத்தில் பணிக்காலம் முழுவதும் கோப்பு சுமந்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: அந்த ஒன்பதை வைத்து அவரை நல்லவர் என்றோ பயனற்றவர் என்றோ உன்னால் சொல்ல முடியாது. மக்களவையில் ஒரு மசோதாவுக்கு எத்தனை மணி நேரம் என்பதை அலுவல் ஆய்வுக் குழு முடிவு செய்கிறது. அந்த நேரம் கட்சிகளின் எண்ணிக்கை பலத்துக்கு ஏற்பப் பிரிக்கப்படுகிறது. தன் பங்கில் யார் பேசுவது என்ற பட்டியலைக் கட்சியே கொடுக்கிறது. முன்வரிசைத் தலைவர்கள் பேசி முடித்த பிறகு மிஞ்சும் மூன்று நான்கு நிமிடங்களுக்காகப் பின்வரிசையில் காத்திருப்பவர் எழுந்து, தொகுதி மக்களுக்கு நன்றி சொல்லி முடிப்பதற்குள் அவைத் தலைவர் மணியை அடித்துவிடுவார். அந்த அரைகுறைப் பேச்சும் உன் கணக்கில் ஒன்றாகச் சேரும்; ஒரு மாதம் கோப்புகளைப் புரட்டித் தயாரித்த உரையும் ஒன்றாகத்தான் சேரும்.

பின்வரிசை என்றதும் என் நினைவுக்கு முதலில் வருபவர் பெரோஸ் காந்தி. ரேபரேலியின் உறுப்பினர், ஆளும் காங்கிரஸ்காரர், பிரதமர் நேருவின் மருமகன்; ஆனால் அமைச்சர் பதவி எதிலும் இருந்தவரல்லர். 1956-இல் ஆயுள் காப்பீட்டுக் கழகம் தொடங்கப்பட்டது. மறு ஆண்டு ஜூன் மாதத்தில், முந்த்ரா என்ற தொழிலதிபரின் ஆறு நிறுவனங்களில் அது சுமார் 1.24 கோடி ரூபாய்க்குப் பங்குகளை வாங்கியது. முதலில் கேள்வி நேரத்தில் எழுந்த இந்த விவகாரத்துக்கு வந்த பதில்கள் யாருக்கும் நிறைவளிக்கவில்லை. அதன் பிறகு 1957 டிசம்பர் 16 அன்று பெரோஸ் காந்தி எழுந்தார். அந்த உரையின் வலிமை குரலில் இல்லை, கணக்கில் இருந்தது: முதலீட்டுக் குழுவைக் கேட்காமல், சந்தை விலையைவிடக் கூடுதலாகக் கொடுத்து, பொதுமக்களின் காப்பீட்டுப் பணம் ஒரு தனிமனிதருக்குக் கைகொடுக்கச் சென்றதை அவர் அடுக்கிக் காட்டினார். நீதிபதி எம்.சி. சாக்ளாவின் ஒருநபர் ஆணையம் அமைந்து, வெளிப்படையாக விசாரித்து, ஒரு மாதத்துக்குள் அறிக்கை கொடுத்தது. 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். நம் ஊர்க்காரர் என்பதால் நமக்கு அதில் சற்று வருத்தமுண்டு. ஆனாலும் ஆளும் கட்சியின் பின்வரிசையிலிருந்தே அந்தக் கேள்வி வந்தது என்பதை மறக்கக் கூடாது.

அவருடைய இன்னொரு வேலையைப் பலர் அறிவதில்லை. நாடாளுமன்றத்தில் பேசப்பட்டதை நேர்மையாக வெளியிடும் பத்திரிகை மீது வழக்குத் தொடுக்க முடியாதபடி காக்கும் சட்டம் 1956-இல் வந்தது; அது அவர் கொண்டுவந்த தனிநபர் மசோதா, அதாவது அமைச்சரல்லாத ஓர் உறுப்பினர் தாமே கொண்டுவரும் மசோதா. நெருக்கடி நிலைக் காலத்தில் அந்தச் சட்டத்தை நீக்கியது அவருடைய மனைவி இந்திரா காந்தியின் அரசு. 1977-இல் அது மீண்டும் சட்டமானது. அவர் 1960-இலேயே காலமாகிவிட்டதால், இந்த வேடிக்கையைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை.

தனிநபர் மசோதாக்களின் கதை பொதுவாகச் சோகமானது. வெள்ளிக்கிழமை பிற்பகலில் இரண்டரை மணி நேரம் அவற்றுக்கென ஒதுக்கப்படுகிறது. அந்த நேரத்தில் பாதி அவை விமான நிலையத்துக்குப் போய்க்கொண்டிருக்கும். 1952 முதல் இன்றுவரை அவற்றில் சட்டமானவை 14 மட்டுமே, கடைசியாக ஒன்று சட்டமானது 1970-இல். ஆனாலும் 2015 ஏப்ரல் 24 அன்று மாநிலங்களவையில் திருச்சி சிவாவின் திருநர் உரிமைகள் மசோதா நிறைவேறியபோது, எங்கள் அலுவலகத்தில் மூத்தவர்கள்கூட எழுந்து நின்று தொலைக்காட்சியைப் பார்த்தார்கள். ஒரு தனிநபர் மசோதா அவையில் நிறைவேறிப் பல பத்தாண்டுகள் ஆகியிருந்தன. அது மக்களவையைக் கடக்கவில்லை என்பது உண்மை. ஆனால் அரசு தன் சொந்த மசோதாவைக் கொண்டுவர வேண்டிய நிலை அதற்குப் பிறகுதான் வந்தது.

என் மனத்துக்கு நெருக்கமான இடம் குழு அறைதான். அமைச்சகங்களின் வேலையை ஆராயும் துறைவாரி நிலைக்குழுக்கள் 1993-இல் 17 ஆகத் தொடங்கி, 2004-இல் 24 ஆயின. ஒவ்வொன்றிலும் மக்களவையிலிருந்து 21 பேர், மாநிலங்களவையிலிருந்து 10 பேர், அமைச்சர்களுக்கு இடமில்லை. பெரும்பாலான அமைச்சகங்களின் மானியக் கோரிக்கைகள், அதாவது ஆண்டுச் செலவுக்கு அவை கேட்கும் தொகைகள், அவையில் ஒரு நிமிட விவாதமும் இல்லாமல் மொத்தமாக வாக்கெடுப்புக்கு விடப்படுகின்றன என்பது உனக்குத் தெரியும். அவற்றைத் தலைப்பு தலைப்பாகப் படித்துக் கேள்வி கேட்கும் ஒரே இடம் இந்த அறைகள்தான். அங்கே கொறடாவின் உத்தரவு செல்லாது, தொலைக்காட்சிக் கேமராவும் கிடையாது. இவை இரண்டும் இல்லாத இடத்தில் மனிதர்கள் எவ்வளவு நியாயமாகப் பேசுகிறார்கள் என்று பார்த்து நான் வியந்ததுண்டு.

ஒரு நாளை மட்டும் சொல்கிறேன். குழுவில் நடப்பது வெளியே போகக் கூடாதென்பதால் துறையையும் ஆளையும் கேட்காதே. ஐந்து முறை வந்தும் வாய் திறக்காத ஓர் உறுப்பினர், ஆறாவது கூட்டத்துக்கு அமைச்சகம் கொடுத்த விளக்கக் குறிப்போடு வந்தார். முதல் பக்கங்களை விட்டுவிட்டுப் பின்னிணைப்பில் ஒரு வரிக்கு மட்டும் பென்சிலால் கோடு போட்டிருந்தார். மூன்று ஆண்டுகள் தொடர்ந்து ஒரே திட்டத்தின் பணம் மார்ச் மாதத்தில் திருப்பி ஒப்படைக்கப்பட்டிருக்கிறதே, அப்படியானால் நான்காம் ஆண்டும் அதே தொகையைக் கேட்பது எதை நம்பி என்றார். செயலர் பக்கத்திலிருந்தவரைப் பார்த்தார். அவர் பின்னால் இருந்தவரைப் பார்த்தார். பின்னால் இருந்தவருக்குப் பின்னால் சுவர்தான் இருந்தது. எழுத்து மூலம் பதில் தருவதாகச் சொன்னார்கள். அந்தக் கேள்வி அறிக்கையில் ஒரு முழுப் பத்தியாக வந்தது, "குழு கவலையுடன் கவனிக்கிறது" என்ற எங்கள் வழக்கமான தொடக்கத்தோடு. உறுப்பினரின் பெயர் அதில் இல்லை, இருக்கவும் கூடாது. அறிக்கையின் கடைசியில் சேர்க்கப்படும் கூட்டக் குறிப்பில் வந்தவர் பெயர் இருக்கும், கேட்டவர் பெயர் இருக்காது. அந்த ஒரு பத்திக்கு அரசு மூன்று மாதத்துக்குள் நடவடிக்கை அறிக்கை கொடுத்தாக வேண்டும். உன் கணக்கிலோ அவருக்கு அன்றைக்குப் பூஜ்யம்.

இதைப் படித்துவிட்டுப் பேசாதவர் எல்லாரும் குழு அறையில் உழைக்கிறார்கள் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதே. தேநீருக்கும் முந்திரிப் பருப்புக்கும் வந்து கையெழுத்திட்டுப் போகிறவர்களையும், கள ஆய்வுப் பயணம் என்றால் மட்டும் உற்சாகமாகத் தொலைபேசி செய்கிறவர்களையும் நான் நிறையப் பார்த்திருக்கிறேன். உங்கள் உறுப்பினர் எந்த வகை என்பதை அறிய ஒரு வழி இருக்கிறது. அவர் எந்த நிலைக்குழுவில் இருக்கிறார் என்று பார்த்து, அதன் அறிக்கைகளின் கடைசிப் பக்கங்களில் வருகைப் பட்டியலைத் தேடு. அவையில் அவர் கேட்ட கேள்விகளையும் படி. எண்ணிக்கையை விட்டுவிட்டு, ஒரே பொருளைப் பற்றி இரண்டாம் முறை, மூன்றாம் முறை கேட்டிருக்கிறாரா என்று மட்டும் பார். விடாமல் கேட்கிறவரிடம் அமைச்சகங்களுக்கு ஒரு தனி மரியாதை உண்டு.

கேள்விகளைப் பற்றிச் சொல்லும்போது, நான் சில ஆண்டுகள் பணியாற்றிய அரசின் உறுதிமொழிகள் குழுவைச் சொல்லாமல் விட மனமில்லை. 1953-இல் அமைந்த குழு அது. அமைச்சர் அவையில் "ஆராயப்பட்டு வருகிறது", "தகவல் திரட்டப்பட்டு அவை முன் வைக்கப்படும்" என்றெல்லாம் சொல்லித் தப்பித்துப் போவதாக நாம் நினைக்கிறோம் அல்லவா? அந்தச் சொற்றொடர்களுக்கு ஒரு பட்டியலே இருக்கிறது. அவற்றில் ஒன்றை அமைச்சர் உச்சரித்த கணமே அது உறுதிமொழியாகப் பதிவாகும். மூன்று மாதத்தில் நிறைவேற்ற வேண்டும், இல்லையென்றால் அவகாசம் கேட்டு எழுத வேண்டும். அமைச்சரே மாறிப் போன பிறகும் பழைய வாக்குறுதிக்கு விளக்கம் கேட்டு நாங்கள் கடிதம் எழுதிக்கொண்டிருப்போம். இத்தனையும் தொடங்குவது ஒரு பின்வரிசை உறுப்பினர் கொடுத்த ஒரு கேள்வியில்.

உங்கள் ஊர் ரயில் மேம்பாலம் பாதியில் நிற்பதை உங்கள் உறுப்பினர் நேரமில்லா நேரத்தில், அதாவது அவசர விஷயங்களை எழுப்பும் நேரத்தில், பேச வேண்டும் என்று வற்புறுத்தப் போவதாக எழுதியிருக்கிறாய். வேண்டாம். அங்கே அமைச்சர் அந்த இடத்திலேயே பதில் சொல்ல வேண்டிய கட்டாயமில்லை; உங்கள் பாலம் அவைக்குறிப்பில் ஏறும், அவ்வளவுதான். எழுத்து மூலம் பதில் தரும் நட்சத்திரக் குறியிடாத கேள்வியாகக் கொடுக்கச் சொல்: எந்த ஆண்டு அனுமதி கிடைத்தது, இதுவரை எவ்வளவு செலவாகியிருக்கிறது, எது முட்டுக்கட்டை, எப்போது முடியும். கேள்வி கொடுக்கக் குறைந்தது 15 நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்பதால், கூட்டத்தொடர் அறிவிக்கப்பட்டவுடன் அவரைப் போய்ப் பார்.

வரைவை முதலில் எனக்கு அனுப்பு, திருத்தித் தருகிறேன். விதிப்படி ஒரு கேள்வி 150 சொற்களைத் தாண்டக் கூடாது. உன் வழக்கம் எனக்குத் தெரியும் என்பதால் இதை முன்கூட்டியே எழுதுகிறேன்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்