அமெரிக்கா எச்சரித்தால் முதல் பக்கம், நம் அரசு எச்சரித்தால் மூலையில் நாலு வரியா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காரைக்குடிப் பக்கம் வரும் வெளிநாட்டுப் பயணிகளுக்கு வண்டியும் கைடும் ஏற்பாடு செய்து கொடுப்பது என் தொழில். ‘இந்தியாவுக்குப் போகாதீர்கள்: அமெரிக்கா எச்சரிக்கை’ என்ற மாதிரி ஒரு தலைப்பு வந்துவிட்டால் அன்றைக்கு எங்கள் ஸ்டாண்டில் வேறு பேச்சே கிடையாது. 2025 ஜூனில் அப்படித்தான் நடந்தது. டிரைவர் ஒருவர் பேப்பரை என் முன்னால் நீட்டி, “அண்ணே, இந்த சீசன் அவ்வளவுதானா?” என்று கேட்டார்.

சரி, அமெரிக்கா அப்படி என்னதான் சொன்னது என்று மூல அறிவிப்பை எடுத்து முழுதாகப் படித்தேன். அமெரிக்க வெளியுறவுத் துறை 2018 ஜனவரியிலிருந்து ஒவ்வொரு நாட்டையும் நான்கு நிலைகளில் ஒன்றில் வைக்கிறது. முதல் நிலை என்றால் வழக்கமான கவனம் போதும். இரண்டாவது, கொஞ்சம் கூடுதல் கவனமாக இருங்கள். மூன்றாவது, போகத்தான் வேண்டுமா என்று யோசியுங்கள். நான்காவதுதான் போகவே போகாதீர்கள். இந்தியா இருப்பது இரண்டாவதில். அந்த நேரத்தில் பிரான்ஸ், ஜெர்மனி, இத்தாலி, பிரிட்டன் எல்லாம் அதே இரண்டாவதில்தான் இருந்தன. பாரிசுக்குப் போகாதீர்கள் என்று யாரும் தலைப்புப் போட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை.

‘போகாதீர்கள்’ என்ற சொல் அந்த அறிவிப்பில் இல்லாமல் இல்லை. ஆனால் அது ஜம்மு காஷ்மீருக்கும் (அதிலும் லேயும் கிழக்கு லடாக்கும் விலக்கு), பாகிஸ்தான் எல்லையிலிருந்து 10 கிலோமீட்டருக்குள் வரும் பகுதிக்கும், இன்னும் சில குறிப்பிட்ட இடங்களுக்கும் மட்டும்தான். அட்டாரியில் தினமும் சாயங்காலம் கொடி இறக்குவதைப் பார்க்கக் கூட்டம் கூட்டமாகப் போகிறார்களே, அந்த இடமும் இந்த 10 கிலோமீட்டருக்குள்தான் அடங்கும். அங்கிருந்து 30 கிலோமீட்டர்கூட இல்லாத அமிர்தசரஸ் அடங்காது. இந்த அளவுக்குக் கோடு கிழித்து எழுதியிருக்கும் ஒன்றை ‘இந்தியா’ என்று ஒரே சொல்லில் சுருக்கிப் போட்டால், இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கும் காரைக்குடிக்காரன் அல்லவா பயந்து போகிறான்? மெக்சிகோவுக்கும் மாநிலம் மாநிலமாகத்தான் பிரித்திருக்கிறார்கள். யுகாட்டான் முதல் நிலை, சினலோவா நான்காம் நிலை, இரண்டும் ஒரே நாட்டில்.

அதே அறிவிப்பில் இந்தியாவில் பெண்கள் தனியாகப் பயணம் செய்ய வேண்டாம் என்றும் எழுதியிருந்தார்கள். இதற்குத்தான் நம் ஆட்களுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. எனக்கு வரவில்லை. தனியாக வரும் வெளிநாட்டுப் பெண்களை ரயில் நிலையத்தில் இறங்கியதிலிருந்து எத்தனை பேர் முறைத்துப் பார்க்கிறார்கள், எத்தனை பேர் கேட்காமலே செல்ஃபி எடுக்கிறார்கள் என்பதை இந்தத் தொழிலில் இருப்பவன் தினமும் பார்க்கிறான். அப்புறம், சாட்டிலைட் போனோ ஜிபிஎஸ் கருவியோ கொண்டுவராதீர்கள், இந்தியாவில் அது சட்டப்படி குற்றம் என்று ஒரு வரி இருந்தது. வருகிறவர்களுக்கு உண்மையில் பயன்படும் தகவல் அது. செய்திகளில் நான் அதைப் பார்க்கவே இல்லை.

இந்த அறிவிப்புகள் ஏன் எப்போதும் பயந்த சுபாவத்தோடு இருக்கின்றன என்பதற்கு ஒரு பழைய கதை உண்டு. 1988 டிசம்பர் 5ஆம் தேதி ஹெல்சிங்கியில் உள்ள அமெரிக்கத் தூதரகத்துக்கு ஒரு போன் வந்தது, பான் ஆம் என்ற அமெரிக்கக் கம்பெனியின் விமானத்தில் குண்டு வைக்கப்போகிறார்கள் என்று. மாஸ்கோ தூதரகத்தில் அதை ஊழியர்கள் பார்க்கும்படி ஒட்டிவைத்தார்கள். டிக்கெட் வாங்கிய பொதுஜனத்துக்கு யாரும் சொல்லவில்லை. டிசம்பர் 21 அன்று பான் ஆம் 103 விமானம் ஸ்காட்லாந்தின் லாக்கர்பி ஊருக்கு மேலே வெடித்தது, தரையில் இருந்த 11 பேரையும் சேர்த்து 270 பேர் செத்தார்கள். அந்த போன் போலி, இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்றுதான் பின்னால் விசாரணையில் முடிவானது. இருந்தாலும் ‘உங்கள் ஆட்களுக்கு மட்டும் சொன்னீர்கள், எங்களுக்கு ஏன் சொல்லவில்லை’ என்ற கேள்விக்குப் பதில் இல்லை. அதன் பிறகு, தூதரக ஊழியரிடம் சொல்லும் எச்சரிக்கையைப் பொதுமக்களிடமும் சொல்லியாக வேண்டும் என்பது விதியாகிவிட்டது. சொல்லி ஒன்றும் நடக்காவிட்டால் யாரும் திட்டப்போவதில்லை, சொல்லாமல் விட்டு ஏதாவது நடந்தால் தலை உருளும். எழுதுகிற அதிகாரி எந்தப் பக்கம் சாய்வார் என்று சொல்லவா வேண்டும்? ஆபத்து என்று இல்லாமல், அங்கே ஏதாவது ஆனால் நம்மால் வேகமாக வந்து உதவ முடியாது என்பதற்காகவும் சில பகுதிகளைப் பற்றி எச்சரிக்கிறார்கள்.

இதில் பணமும் இருக்கிறது. பிரிட்டனில் எண்கள் கிடையாது, ‘அவசியம் இல்லாமல் போகாதீர்கள்’, ‘போகவே போகாதீர்கள்’ என்று இரண்டு வாக்கியம்தான். அந்த வாக்கியம் வந்துவிட்டால் மீறிப் போகிறவரின் பயண இன்சூரன்ஸ் பெரும்பாலும் செல்லாது, கூட்டிப் போகும் கம்பெனியும் பயணத்தை ரத்து செய்துவிடும். 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குப் பிறகு இலங்கை முழுவதற்கும் முதல் வாக்கியத்தைப் போட்டார்கள். இந்தியாவும் கிட்டத்தட்ட அதையேதான் சொன்னது. குண்டு வெடித்தது கொழும்பிலும் நீர்கொழும்பிலும் மட்டக்களப்பிலும். ஆனால் நுவரெலியாவில் அறை வாடகைக்கு விட்டவர், யாழ்ப்பாணத்தில் ஆட்டோ ஓட்டியவர் என்று எல்லாருக்கும் சேர்த்து அடி விழுந்தது. அந்த மே மாதம் இலங்கைக்கு வந்த பயணிகள், முந்தைய ஆண்டு மே மாதத்தைவிட சுமார் 70 விழுக்காடு குறைவு. பிரிட்டன் ஜூன் முதல் வாரத்திலேயே அந்த எச்சரிக்கையை நீக்கிவிட்டது. நீக்கியதை யார் தலைப்புச் செய்தியாகப் போட்டார்கள்?

இன்னொன்று, யாருக்கு யார் சொல்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். 2016இல் பஹாமாஸ் என்ற குட்டி நாடு, அமெரிக்காவுக்குப் போகும் தன் குடிமக்களை, குறிப்பாக இளைஞர்களை, போலீசிடம் எச்சரிக்கையாக நடந்துகொள்ளுங்கள், எதிர்த்துப் பேசாதீர்கள் என்று எச்சரித்தது. கறுப்பின இளைஞர்களைப் போலீஸ் சுட்ட சம்பவங்கள் நடந்திருந்த நேரம் அது. 2025 நவம்பரில் சீனா தன் மக்களை ஜப்பானுக்குப் போகாதீர்கள் என்றது. ஜப்பான் அமெரிக்கப் பட்டியலில் முதல் நிலையில் இருக்கும் நாடு. திடீரென்று அங்கே என்ன கெட்டுப்போனது? ஜப்பான் பிரதமர் தைவானைப் பற்றிப் பேசியது பெய்ஜிங்குக்குப் பிடிக்கவில்லை. 2023 செப்டம்பரில் இந்தியாவும் கனடாவும் ஒருவரை ஒருவர் மாற்றி மாற்றி எச்சரித்ததும் இதே ரகம்தான். இப்படிப்பட்டதை அரசியல் செய்தியாகப் போடுங்கள், பாதுகாப்புச் செய்தியாகப் போடாதீர்கள்.

நான் இந்தக் கடிதம் எழுதியதே இனி சொல்லப்போவதற்காகத்தான். நம் வெளியுறவு அமைச்சகமும் எச்சரிக்கைகள் வெளியிடுகிறது, நிலை, எண் எல்லாம் இல்லாமல், அவ்வப்போது, தேவைப்பட்ட நாட்டுக்கு. 2022 செப்டம்பரில் ஒன்று வந்தது: தாய்லாந்தில் ஐடி வேலை என்று சொல்லிப் படித்த பையன்களைக் கூட்டிப்போய், எல்லையைத் தாண்டி மியான்மருக்குள் கடத்தி அடைத்துவைக்கிறார்கள், ஏமாறாதீர்கள் என்று. மியான்மர் எல்லை ஊரான மியாவாடியில் மாட்டியவர்களில் தமிழ்நாட்டு இளைஞர்களும் இருந்தார்கள். நாள் முழுக்க கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, முகம் தெரியாத வெளிநாட்டுக்காரர்களை ஆன்லைனில் ஏமாற்றுவதுதான் வேலை, மறுத்தால் அடி. அதே நேரத்தில் சுற்றுலாப் போனவர்கள் பாங்காக்கில் சந்தோஷமாகத்தான் சுற்றிக்கொண்டிருந்தார்கள். டூர் போகிறவனுக்குப் பாதுகாப்பான நாடு வேலை தேடிப் போகிறவனுக்கும் அப்படியே இருக்கும் என்று இல்லை, வெள்ளைக்கார அரசின் பட்டியல் இதை நம் பையனுக்குச் சொல்லித்தரப் போவதும் இல்லை.

அந்த அறிவிப்பு உங்கள் பத்திரிகையில் வந்தது, மறுக்கவில்லை. உள்பக்கத்தில், மூலையில், நாலு வரி. அதே வாரம் ஞாயிற்றுக்கிழமை வரி விளம்பரத்தில் ‘வெளிநாட்டில் வேலை, விசா இலவசம், உடனே அணுகவும்’ வகை விளம்பரங்களும் இருந்தன, பெயர் இல்லாமல் செல்போன் எண்ணோடு மட்டும் சில. அதனால் கேட்கிறேன்: வேலைக்குப் போகிறவர்களுக்காக அமைச்சகம் வெளியிடும் எச்சரிக்கையை அந்த வரி விளம்பரப் பக்கத்திலேயே, கட்டம் கட்டி, எளிய தமிழில் போடுங்கள். ஆள் அனுப்பும் ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்று மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் பார்ப்பது எப்படி என்று இரண்டு வரி கீழே சேருங்கள். பதிவு எண் தராதவர்களின் விளம்பரத்தை வாங்குவதா வேண்டாமா என்பதையும் உங்கள் விளம்பரப் பிரிவில் ஒரு வார்த்தை பேசிப் பாருங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
காரைக்குடி