65 கேட்டேன், 70 கொடுத்தீர்கள்

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற ராணுவ ஆர்மரர் (துப்பாக்கி பழுது பார்ப்பவர்),
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
தோட்டா விற்பனைப் பிரிவு

பொருள்: கேட்ட தோட்டாவுக்குப் பதிலாக வேறு நீளத் தோட்டா கொடுத்தது பற்றி

ஐயா,

போன மாதம் உங்கள் கடையில் 12 போர் (குழலின் அகல அளவு) தோட்டா 25 வாங்கினேன். லைசென்ஸில் பதிந்து பில்லும் கொடுத்தீர்கள். பில்லில் 65 மி.மீ. என்று இருக்கிறது. பெட்டிக்குள் இருந்தது 70.

என்னுடையது அப்பா காலத்து இங்கிலீஷ் இரட்டைக்குழல். குழலைக் கழற்றினால் அடியில் 2½ அங்குலம் என்று முத்திரை தெரியும், அது சேம்பரின் (தோட்டா உட்காரும் அறை) நீளம். அதற்கு 65தான் போட வேண்டும் என்று கவுண்டரில் இருந்த தம்பியிடம் இரண்டு தடவை சொன்னேன். அவரும் தலையாட்டினார்.

எங்கள் பக்கம் நிலக்கடலை போட்டவர்களுக்கு ராத்தூக்கம் கிடையாது. காட்டுப்பன்றியைச் சுட அனுமதி தரும் அதிகாரத்தை 2022-ல் கேரள அரசு பஞ்சாயத்துத் தலைவர்களுக்குக் கொடுத்தது. அதிலிருந்து லைசென்ஸ் உள்ளவர்களைக் கூப்பிடுகிறார்கள். அப்படிப் போன ஒரு ராத்திரிதான் உங்கள் தோட்டாவை முதலில் போட்டேன். கழுதை உதைத்த மாதிரி தோளில் ஒரு அடி. குழலை மடக்கினால் சுட்ட தோட்டாவின் கூடு வரவில்லை, பேனாக்கத்தியால் நெம்பித்தான் எடுத்தேன். டார்ச் அடித்துப் பார்த்தால் கூட்டின் வாய் எலி கடித்த துணி மாதிரி கிழிந்து கிடந்தது. இரண்டாவது குழலை நான் சுடவே இல்லை. பன்றி தப்பியது வேறு கதை.

காலையில் அந்தக் கூட்டை வெர்னியர் அளவுகோல் வைத்து அளந்தேன், 70. தோட்டா மேலேயே சின்ன எழுத்தில் போட்டிருக்கிறது. கண்ணாடி போட்டுப் பார்க்காதது என் தப்புதான், ஒத்துக்கொள்கிறேன்.

போன் செய்தபோது வந்த பதில்: “ஸ்டாக் இல்லை சார், அதான் இதை வைத்தோம். ரெண்டும் 12 போர்தானே, உள்ளே போச்சுல்ல?”

போகும் ஐயா, அதுதான் வம்பே. சுடாத தோட்டாவின் வாய் உள்பக்கம் மடிந்திருப்பதால் 70-ம் அடக்கமாக உட்காரும். வெடித்ததும் மடிப்பு விரியும். 65 சேம்பரில் அந்த மிச்ச 5 மி.மீ., குழல் குறுகும் இடத்தில் போய் நெரித்துக்கொள்ளும். குண்டு அத்தனையும் அந்த இடுக்கு வழியாகத்தான் வெளியேற வேண்டும், அழுத்தம் எகிறும்.

ரைபிளுக்குத் தோட்டா கட்டுபவர்களைக் கேட்டுப் பாருங்கள். பிரைமர் என்பது தோட்டா அடியில் ஊசி பட்டதும் தீப்பற்றும் சின்ன மூடி. சின்ன ரைபிள் பிரைமருக்கும் சின்ன பிஸ்டல் பிரைமருக்கும் அகலம் ஒன்றே, சுமார் 4.45 மி.மீ. ஒன்றின் குழியில் மற்றது சரியாக உட்காரும். ஆனால் பிஸ்டல் பிரைமரின் தகடு பொதுவாக மெல்லிசு. ரைபிள் அழுத்தத்தில் ஊசி பட்ட இடம் ஓட்டையானால் கொதிக்கும் வாயு சுடுபவன் பக்கமே திரும்பும். சாதா பிரைமருக்குப் பதில் மேக்னம் (வேகம் கூடிய பிரைமர்) போடுவதானால்கூட, வெடிமருந்தைக் குறைத்து மறுபடி கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏற்றிப் பார்ப்பார்கள். ஸ்டாக் இல்லை என்று எவனும் கையில் கிடைத்ததைப் போடமாட்டான்.

சரி, எனக்கு வேண்டியது இதுதான். மீதி 24 தோட்டாவைத் திருப்பி எடுத்து, லைசென்ஸிலும் உங்கள் பதிவேட்டிலும் திருத்தம் எழுதி, முழுப் பணத்தையும் தர வேண்டும். குழலும் பூட்டும் தளர்ந்திருக்கிறதா என்று நல்ல துப்பாக்கி மெக்கானிக்கிடம் காட்டும் செலவும் உங்களுடையது. அப்புறம், 65 கேட்டு இதே பெட்டியை வாங்கிப்போன மற்றவர்களுக்கு இன்றே போன் செய்யுங்கள். இங்கே வீட்டுக்கு வீடு தாத்தா துப்பாக்கிதான், பணத்தைவிட அந்த போன்தான் முக்கியம்.

தோட்டாவைத் தபாலில் அனுப்ப முடியாது. நாள் சொல்லுங்கள், நேரில் வருகிறேன். கிழிந்த கூட்டையும் கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்