முதல் வண்டி விற்கும் ஷோரூம்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டின் இருசக்கர வாகன ஷோரூம் உரிமையாளர்களுக்கும், விற்பனை, டெலிவரி பிரிவில் வேலை பார்க்கும் தோழர்களுக்கும்,

வணக்கம். வாழ்க்கையில் முதல்முறை வண்டி வாங்குகிறவருக்கு, வண்டியை எடுத்துச் செல்லும்முன் முழுதாக அரை மணி நேரம் கொடுங்கள். வண்டிகளைப் பழுது பார்க்கிறவர்களும் ஓட்டக் கற்றுத் தருகிறவர்களுமான நாங்கள் கேட்பது இது ஒன்றுதான். புதியவர்கள் கீழே விழுந்து கொண்டுவரும் வண்டிகளில் பல, அந்த அரை மணியில் தப்பித்திருக்கக் கூடியவை.

இது வண்டியைத் தேர்ந்தெடுக்கும் இடத்திலேயே தொடங்குகிறது. சீட் உயரத்தை மட்டும் பார்த்து "கால் எட்டுதா, அப்ப சரி" என்று சொல்லிவிடாதீர்கள். ஸ்ப்ளெண்டர் பிளஸ்ஸின் சீட் 785 மில்லிமீட்டர், ராயல் என்ஃபீல்டு ஹண்டர் 350-இன் சீட் 790. வித்தியாசம் வெறும் 5 மில்லிமீட்டர். ஆனால் ஸ்ப்ளெண்டரின் எடை 112 கிலோ, ஹண்டரின் எடை 181 கிலோ. இன்ஜினை அணைத்து, வண்டியில் உட்கார்ந்தபடியே பின்னால் நகர்த்தச் சொல்லுங்கள். இறங்கித் தள்ளியபடி ஒரு வட்டம் போகச் சொல்லுங்கள். மெயின் ஸ்டாண்டு இருந்தால் அவரே போடட்டும். இதில் தடுமாறுகிறவரிடம் பெரிய சிசி வண்டியை விற்பது தவறு. 100, 110, 125 சிசி வண்டியில் ஒரு வருடம் ஓட்டிப் பழகினால் அவர் மறுபடி உங்களிடமே வருவார்.

எந்த வண்டியில் கற்றுக்கொண்டார் என்றும் கேளுங்கள். ஸ்ப்ளெண்டரில் எல்லா கியரும் முன்பக்கம் மிதித்தால் ஏறும். டிவிஎஸ் ரைடர் 125 போன்ற வண்டிகளில் முதல் கியர் மட்டும் கீழே, மற்றவை மேலே. முதல் வகையில் பழகியவர் இரண்டாவது வகையை எடுத்து, மூன்றாவது கியரில் 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது நான்காவது என்று நினைத்து மிதித்தால் வண்டி இரண்டாவதுக்கு இறங்கும். இன்ஜின் அலறும், பின்சக்கரம் வெட்டி இழுக்கும். மெயின் ஸ்டாண்டில் நிறுத்தி, பின்சக்கரத்தைக் கையால் சுற்றியபடி எல்லா கியரையும் ஏற்றி இறக்கிக் காட்ட ஐந்து நிமிடம் போதும்.

அடுத்தது பிரேக். "முன் பிரேக்கைத் தொடாதே, தூக்கி எறிஞ்சிரும்" என்ற அறிவுரையோடுதான் பாதிப் பேர் வருகிறார்கள். பிரேக் பிடிக்கும்போது எடை முன்சக்கரத்துக்குப் போகிறது. லேசாகிப்போன பின்சக்கரம் எளிதில் நின்று வழுக்குகிறது. நிறுத்தும் வலு பெரும்பாலும் முன்னால்தான் கிடைக்கும். தள்ளிவிடுவது முன் பிரேக் அல்ல. அதை வெடுக்கென்று பிடிப்பதும், திருப்பத்திலோ மணலிலோ பிடிப்பதும்தான். காலி இடத்தில் 20 கிலோமீட்டர் வேகத்தில் நேராக வரச் சொல்லி, பின் பிரேக்கை மெதுவாக மிதித்துக்கொண்டே முன் லிவரைப் படிப்படியாக அழுத்தப் பழக்குங்கள். பத்து முறை செய்தால் கைக்கு அளவு பிடிபட்டுவிடும்.

கூடவே சிபிஎஸ்ஸையும் (இரண்டு பிரேக்கையும் சேர்த்து இயக்குவது) ஏபிஎஸ்ஸையும் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் லாக் ஆகாமல் தடுப்பது) பிரித்துச் சொல்லுங்கள். 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட எல்லா வண்டிக்கும் ஏபிஎஸ் கட்டாயம். 125 வரை சிபிஎஸ் இருந்தால் போதும் என்று விதி வந்தது. சிபிஎஸ் பின் பெடலை மிதித்தால் முன் பிரேக்கையும் கொஞ்சம் இழுக்கும், அவ்வளவுதான். சக்கரம் லாக் ஆவதை அது தடுக்காது. சிங்கிள் சேனல் ஏபிஎஸ்ஸும் முன்சக்கரத்தை மட்டுமே காக்கும். வண்டியில் ஒட்டிய ஸ்டிக்கரைக் காட்டி "டபுள் சேஃப்டி சார்" என்று சொல்லி அனுப்புவது அவரை ஏமாற்றுவதுதான்.

பராமரிப்பில் முதலில் செயின். பல 100 சிசி வண்டிகளில் செயினை முழுதாக மூடிய கவர் இருப்பதால் வாங்கியவருக்கு அது இருப்பதே மறந்துபோகும். கவரிலுள்ள ரப்பர் மூடியைக் கழற்றி, கீழ்ச்செயினின் நடுவில் விரலால் மேலும் கீழும் ஆட்டிக் காட்டுங்கள். பெரும்பாலும் 20 முதல் 30 மில்லிமீட்டர் ஆட்டம் இருக்கும். சரியான அளவு வண்டியோடு வரும் புத்தகத்தில் உண்டு. சக்கரத்தைச் சுற்றி, செயின் மிக இறுக்கமாக இருக்கும் இடத்தில்தான் அளக்க வேண்டும். அளவுக்கு மீறி இறுக்கினால் பின்னால் ஆள் ஏறும்போது செயின் இன்னும் விறைத்து பேரிங்கையும் ஸ்ப்ராக்கெட் என்ற பல்சக்கரத்தையும் தின்னும். தொளதொளவென்று விட்டால் ஓடும்போதே கழன்று பின்சக்கரத்தைப் பூட்டிவிடும். செயினை இறுக்கிய பிறகு பின் பிரேக் பெடலின் ஆட்டமும் பிரேக் லைட்டும் மாறியிருக்கும். அவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். பழைய இன்ஜின் ஆயிலைச் செயினில் ஊற்றும் வழக்கத்தை உங்கள் சர்வீஸ் பிரிவிலிருந்தே ஒழியுங்கள்.

இந்த இன்ஜின்கள் பலவற்றில் ஆயில் ஒரு லிட்டருக்குள்தான். அதில் 200 மில்லி குறைந்தாலே ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போயிற்று. ஆகவே ஆயில் அளவு காட்டும் கம்பியான டிப்ஸ்டிக்கைப் பார்க்கும் விதத்தை அவர் கையாலேயே செய்ய வையுங்கள். கார் ஆயிலை ஊற்றினால் கிளட்ச் வழுக்கலாம். டப்பாவில் ஜாசோ எம்ஏ (JASO MA, பைக் ஆயிலுக்கான தரக் குறி) என்றிருப்பதைப் பார்த்து வாங்கச் சொல்லுங்கள். டயர் காற்று அளவு வண்டியிலுள்ள ஸ்டிக்கரில் இருக்கிறது. அதை போனில் படம் எடுத்துக்கொண்டால் பெட்ரோல் பங்கில் கேட்டு நிரப்பலாம்.

மைலேஜுக்காக எப்போதும் டாப் கியரிலேயே போ என்று மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள். 20-இல் நான்காவது கியரில் மேடு ஏறினால் இன்ஜின் முக்கும், பெட்ரோலும் மிச்சமாகாது.

ஹெல்மெட் விஷயம். மத்திய மோட்டார் வாகன விதி 138-இன்படி வண்டியோடு ஐஎஸ்ஐ ஹெல்மெட் தரப்பட வேண்டும். எல்லாருக்கும் ஒரே 580 மில்லிமீட்டர் அளவை நீட்டாமல், புருவத்துக்குச் சற்று மேலே தலையைச் சுற்றி டேப் வைத்து அளந்து கொடுங்கள்.

ஆயுத பூஜை அன்று வரிசையாக டெலிவரி இருக்கும்போது அரை மணி கிடைக்காது என்று தெரியும். அன்று பூஜை நடக்கட்டும், சாவியைக் கையில் கொடுங்கள். முதல் வண்டிக்காரரை மட்டும் மறுநாள் காலை எட்டு மணிக்கு, கூட்டம் வருவதற்குமுன் வரச் சொல்லி, வண்டியை அப்போது எடுத்துப் போகச் சொல்லுங்கள். அந்த நேரத்துக்குப் பொறுமையுள்ள ஒரு மெக்கானிக்கை ஒதுக்குங்கள்; டார்கெட் துரத்தும் விற்பனைப் பையனின் தலையில் இதையும் கட்டாதீர்கள்.

இப்படிக்கு,
வண்டி பழுது பார்ப்பவர்களும் ஓட்டக் கற்றுத் தருபவர்களும்